படியில் திரும்பாத பலகை

காலை ஒன்பது மணி. மேசை மேல் மூடியிருந்த துணியை ஆலோசகி தூக்கினாள்.

கிடங்கைக் காணோம். அந்த இடத்தில் காலி அட்டைப்பெட்டிகள் பல்லை இளித்தன.

கிடங்கு என்றால் நிஜக் கிடங்கல்ல. ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கிடங்கை, நீளமான பலகையில் தீப்பெட்டிகளை ஒட்டி அச்சு அசலாகச் செய்திருந்தாள். எந்த அடுக்கை எங்கே நகர்த்தினால் லாரிகள் வாசலில் காய வேண்டாம் என்று அதை வைத்துத்தான் விளக்கப்போகிறாள். பத்து மணிக்குத் தொழிற்சாலை முதலாளியம்மா வருகிறார். வேலையை உதறிவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபின் வந்திருக்கும் முதல் பெரிய வாய்ப்பு. இதுவும் நழுவினால் இந்த மாடி அறையைக் காலி செய்துவிட்டு, பழைய முதலாளியிடமே தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்க வேண்டியதுதான்.

பதறிப்போய் நகர்ந்தவள், சுவரில் சாய்ந்திருந்த புதுப் பெயர்ப்பலகையின் அடியில் கால் கட்டைவிரலை நங்கென்று இடித்துக்கொண்டாள்.

"அண்ணி, போலீசுக்குப் போன் போடட்டுமா?" என்றாள் நாத்தனார். இந்த அலுவலகத்தின் ஒரே ஊழியை அவள்தான்.

"தீப்பெட்டி காணோம்னா சிரிப்பாங்க. பொறு. நேத்து சாயங்காலம் பூட்டினது நான். சாவி என் பையில. ஜன்னலுக்குக் கம்பி."

"அப்போ பேயா?"

"பேய் எதுக்கு அட்டைப்பெட்டி வைக்குது? பூட்டும்போதே துணிக்கு அடியில பெட்டிதான் இருந்திருக்கு. நான்தான் தூக்கிப் பார்க்கல."

சொல்லி முடிப்பதற்குள் பயம் எங்கோ ஓடிவிட்டது. உள்ளங்கை குறுகுறுத்தது. ஊரார் கிடங்குகளில் தொலைந்த சரக்கைக் கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு! பழைய அலுவலகத்தில் அவளுக்கு 'அளவுகோல்' என்றே பட்டப்பெயர்.

நேற்று அவள் போன் பேச மொட்டை மாடிக்குப் போன வேளைகளில், ஒவ்வொரு சமயம் ஒருவராக, அறையில் தனியாக இருந்தவர்கள் மூன்று பேர். நாத்தனார். பெயர்ப்பலகை எழுதிய பெயின்டர். 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று வந்த பழைய முதலாளி.

பெயின்டருக்குப் போன் போட்டாள்.

"பெயர்ப்பலகையைப் படியில எப்படி ஏத்துனீங்க?"

"எங்கேம்மா ஏறிச்சு? வாசலுக்கு எதிர்லயே சுவரு. நீளமா எது வந்தாலும் திரும்பாது. ரெண்டா அறுத்து, உள்ள வந்துல்ல ஒட்டினேன்! நீங்க செஞ்ச தீப்பெட்டிக் கிடங்கும் இறங்காதுன்னு உங்க நாத்தனார் விழுந்து விழுந்து சிரிச்சாங்களே!"

உண்மைதான். ஊர்க் கதவையெல்லாம் அளந்தவள் சொந்தப் படிக்கட்டை அளக்க மறந்திருந்தாள். அதனால்தான் முதலாளியம்மாவையே இங்கே வரச் சொன்னது.

ஆலோசகி வாசலுக்கு ஓடினாள். எதிர்ச்சுவரில் புதிதாகப் பச்சைத் தீற்றல். தீப்பெட்டிக் கிடங்கின் பலகைக்கு ஓரமெல்லாம் அவள் அடித்த அதே பச்சை.

"நேத்து காலைல கூட்டும்போது இது இல்லை அண்ணி!"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அவர் பின்னாலேயே, வாயெல்லாம் பல்லாகப் பழைய முதலாளி. இதே வேலைக்கு அவரும் முயன்றுகொண்டிருப்பது ஊரறிந்த விஷயம்.

"கீழே அம்மாவைப் பார்த்தேன், அப்படியே வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றவர், மேசையிலிருந்த காலிப் பெட்டிகளைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "அடடா, ஒண்ணுமே தயாரா இல்லையா? தனியா கிடந்து கஷ்டப்படாதம்மா. திரும்பி வந்துடு."

"தயார்தான் சார். களவு போயிருக்கு. கண்டும் பிடிச்சாச்சு."

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, சொல்லுங்க."

"யாரோ அதை வெளியே கொண்டு போகப் பார்த்து, சுவர்ல முட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. இது திரும்பாதுன்னு என் நாத்தனாருக்குத் தெரியும். பெயின்டருக்கும் தெரியும். தெரிஞ்சவங்க தூக்கிப் பார்த்திருக்கவே மாட்டாங்க. தெரியாதவர் ஒருத்தர்தான். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம, எதையும் அளக்காம ஆலோசனை சொல்றவர். அது பிடிக்காமத்தான் நான் அவர்கிட்ட இருந்து வெளியே வந்தேன்."

பழைய முதலாளியின் முகம் சுண்டியது. "என்னையா சொல்றே? என் கையில இருக்கா அது?"

"வெளியேதான் போகலையே சார். நேத்து சுவரோட ஒட்டி நின்ன பெயர்ப்பலகை இன்னிக்கு என் காலை ஏன் இடிக்குது?"

அவளும் நாத்தனாரும் பெயர்ப்பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். பின்னால் சுவரில் சாய்ந்தபடி பத்திரமாக நின்றது பிஸ்கட் கிடங்கு.

ஆலோசகி குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஒரு வரிசை உடைஞ்சு போச்சே!"

"நான் வைக்கும்போது நல்லாத்தானே இருந்தது!" என்றார் பழைய முதலாளி.

ஆலோசகி மெல்ல நிமிர்ந்தாள். ஒரு தீப்பெட்டிகூட உடைந்திருக்கவில்லை. மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

முதலாளியம்மா எழுந்து வந்து தீப்பெட்டி அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடுங்க. எங்க கிடங்குல முதல்ல எதை அளப்பீங்க?"

ஆலோசகி சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"உங்க கிடங்கு நாளைக்கும்மா. முதல்ல எங்க படிக்கட்டு."