போனுக்குத் தெரியாத சேதி

ஒரு நிமிடம்கூட சும்மா இருக்கமாட்டாள் என்பதால் அவளுக்கு வாலு என்று பெயர் விழுந்தது. அந்த வாலுவே இப்போதெல்லாம் வீட்டுக்குள் பூனைபோல நடந்தாள்.

அம்மாவின் வயிற்றில் ஒரு பாப்பா இருந்தது. பிறப்பதற்கு முன்பே அது இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வெறுங்கையோடு வந்தார்கள்.

பிறகு அம்மா சமைத்தாள், துணி மடித்தாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்கும் போனாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வீடு வந்ததும் ஸ்பானர்களைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். பளபளவென்று இருப்பதையே மறுபடியும் துடைப்பார்.

அன்று சாயங்காலம் அம்மா மேசையில் உட்கார்ந்து போனில் செய்தி கேட்டபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாலு அதே மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். செய்திக்கு நடுவே ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

"உங்கள் செல்லம் வரப்போகிறதா? தொட்டில் தயாரா?" என்றது ஓர் இனிமையான குரல்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். போனைக் கவிழ்த்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

வாலு போனை நிமிர்த்திப் பார்த்தாள். தொட்டில். அதற்குக் கீழே குட்டிச் சட்டை. அதற்கும் கீழே பால் புட்டி.

"உனக்கு அறிவே இல்லையா?" என்று போனைத் திட்டினாள்.

திட்டிய பிறகுதான் யோசித்தாள். ஒருமுறை படம் வரைவதற்காக இதே போனில் ஒட்டகச்சிவிங்கியைத் தேடினாள். அப்புறம் ஒட்டகச்சிவிங்கித் தலையணை, ஒட்டகச்சிவிங்கி சாக்ஸ் என்று வந்து குவிந்தன. "யாருடி இந்த வீட்டுக்கு ஒட்டகச்சிவிங்கி வாங்கப் போறது?" என்று அப்பா கேட்டார்.

அதேபோல அம்மாவும் சந்தோஷமாக இருந்த நாட்களில் தொட்டில் தேடியிருக்கிறாள். அது போனுக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை அதற்கு யாருமே சொல்லவில்லை.

"அப்போ நாமதான் சொல்லணும்."

விளம்பரத்தின் ஓரத்திலிருந்த புள்ளிகளைத் தொட்டாள். 'இந்த விளம்பரம் வேண்டாம்' என்று வந்தது. அதை அழுத்தியதும், ஏன் என்று கேட்டது. 'அடிக்கடி வருகிறது.' 'பிடிக்கவில்லை.' 'ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.'

உண்மையான பதில் அதில் இல்லை. வாலு ஏதோ ஒன்றை அழுத்தினாள். தொட்டில் மறைந்தது. அந்த இடத்தில் தள்ளுவண்டி வந்தது.

அப்போது போன் டிங் என்றது. பாப்பா வளர்வதைக் கணக்கு வைக்க அம்மா போட்டு வைத்திருந்த செயலியிலிருந்து ஒரு சேதி. 'வாழ்த்துகள்! இந்த வாரம் உங்கள் பாப்பா கண் திறக்கும்!'

வாலு செயலியை அழிக்கப் போனாள். 'இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்' என்று போன் எச்சரித்தது. உள்ளே பாப்பாவின் ஸ்கேன் படம் இருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

அம்மா முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, உன் போனைத் தொட்டுட்டேன். திட்டாத."

"என்னடி செஞ்ச?"

"போனுக்கு விஷயம் தெரியாதும்மா. பாப்பா இன்னும் வளருதுன்னே நினைச்சிட்டு இருக்கு. சொல்லிடலாம்னு பார்த்தேன். ஆனா இதை அழிச்சா பாப்பா படமும் போயிடும். அது உன்னோடது. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாலுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

"மூக்கு உன்னை மாதிரியே இருக்கு பாரு."

"எனக்கு மூக்கே தெரியலையேம்மா. மேகம் மாதிரி இருக்கு."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வழிந்தது. வாலு துடைக்கவில்லை. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் படத்தைப் பத்திரமாக வேறு இடத்தில் சேமித்தார்கள். பிறகு அம்மாவே செயலியை அழித்தாள். எந்த விளம்பரம் வேண்டாம் என்று போனுக்குச் சொல்லும் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதில் 'குழந்தை வளர்ப்பு' என்றிருந்ததை வாலு அணைத்தாள்.

கதவு திறந்தது. பையும் தோளுமாக அப்பா நின்றார்.

"என்ன, ரெண்டு பேரும் தரையில?"

அம்மா சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பா தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"எனக்கும் வந்துட்டேதான் இருக்கு. நானும் தொட்டில் விலையெல்லாம் பார்த்து வெச்சிருந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். "வாங்க, உக்காருங்க."

அப்பா பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அவர் போனை வாலு வாங்கிக்கொண்டாள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அவள் அவசரப்படவே இல்லை. அவள் தலைக்கு மேலே அம்மாவும் அப்பாவும் பாப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.