கடல் பார்த்த வீடு

கதிரவன் கடலைவிட்டு மேலெழும் வேளையில் பவளமாடத்தின் நானூறு வீடுகளும் கடற்பக்கத்துச் சன்னல்களை அடைத்துக்கொண்டன. நாள்தோறும் நடப்பதுதான். முப்பத்தோராம் தளத்தில் வேதவல்லியும் எழுந்து, கீழ்வானத்துச் செம்மை கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே தாழிட்டாள். தவறிப்போய் ரசித்துவிட்டால் வாடகை ஏறிவிடும்.

அந்நகரின் சட்டம் அப்படி. முன்னொரு காலத்தில் வாடகை இடத்தைப் பொறுத்திருந்தது. செல்வர் கடலோரத்தைக் கொண்டனர். அவர்களுக்கு மீனும் உப்பும் கொணர்ந்தவர்கள் உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டனர். அந்த அநீதியைக் களைய வந்த ஆட்சிக்குழு, வீட்டுக்கு விலையில்லை, அதில் வாழ்பவர் அடையும் நிறைவுக்கே விலை என்று விதித்தது. ஒவ்வொருவர் காதின் பின்னும் கடுகளவில் ஒரு நிறைவுமானி பதிக்கப்பட்டது. உள்ளம் மகிழ்ந்தால் எண் ஏறும். மாதச் சராசரி நாற்பதுக்குள் நின்றால் எளியோர் வாடகை. அதற்கு மேல் செல்வர் வாடகை. அதைக் கட்ட இயலாதவர்களுக்கு எண்பது கல் தொலைவில் உள்வளாகம்.

உள்வளாகத்தில் காற்றையும் ஆலையில்தான் செய்கிறார்கள். அக்காற்று வேதவல்லியின் கணவர் சாரங்கபாணிக்கு ஆகாது. நன்னீராலையில் முப்பதாண்டு உப்புப் படிவம் சுரண்டிக் கெட்ட நுரையீரல். கடற்காற்று இல்லையேல் ஓராண்டு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே வேதவல்லி ஒன்பது ஆண்டுகளாக மகிழாமல் இருந்தாள். இருட்டியபின்தான் சன்னலைத் திறப்பாள்; பகலில் அவர் மூச்சுக்காகச் சுவரின் மேல்துளையை மட்டும் திறந்து வைத்தாள். பதிகம் பாடுவதையும் விட்டாள். ஒரே ஒரு மார்கழி விடியலில் தன்னை மறந்து ஒரு பாட்டைக் கடைசி வரை பாடிவிட்டு, அன்று பகலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாள். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரியதாக்கிய முன்னோர் இந்நகரைக் கண்டிருந்தால், தம் இலக்கணம் சட்டமாகிவிட்டதே என்று திகைத்திருப்பார்கள்.

இத்தனை காவலும் போதாதென்று, சன்னலை அடைத்த கையோடு மாடிப்படிக்குப் போவாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அங்கே காத்திருப்பாள். எல்லாத் தளங்களிலும் வழக்கமான அந்த ஒரு மணி நேரத்துக்குக் 'குறைகூடல்' என்று பெயர். ஒருவர் துயரத்தை மற்றவர் ஊதி வளர்த்து, எண்ணை இறக்கிக்கொண்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு.

"என்னக்கா, மூஞ்சி தெளிஞ்சிருக்கு? ராத்திரி தூங்கிட்டியளா?" என்று இசக்கியம்மாள் குற்றம் கண்டுபிடித்தவள் போலக் கேட்டாள்.

"அத ஏன் கேக்க. லிப்டு சத்தத்துல கண்ண மூடவே முடியல."

"உங்களுக்கு லிப்டு. எனக்கு மருமவ. அவ வாயத் தொறந்தா அந்த லிப்டே பயந்து நின்னுரும்."

அன்று பேச்சு உப்புக் கரிக்கும் குடிநீரில் தொடங்கி, கீழ்த்தளத்தாரின் கருவாட்டு வாடை வரை போயிற்று. வேதவல்லி வீடு திரும்பியபோது வாசலில் நிறைவுமானிக் கணக்கைச் சரிபார்க்கும் மதிப்பாய்வர் நின்றிருந்தாள். தமயந்தி என்று பெயர் சொன்ன அந்தப் பெண், ஆண்டுக்காண்டு கொஞ்சங்கொஞ்சமாக ஏறி இம்மாதச் சராசரி நாற்பத்தாறு ஆகிவிட்டது என்று மெதுவாகத் தெரிவித்தாள். இன்னும் ஒரு மாதம் தவணை. அதற்குள் இறங்காவிட்டால் உள்வளாகம்.

எந்த மகிழ்ச்சி தன்னைக் காட்டிக்கொடுத்தது? சன்னல் இடுக்கில் நுழைந்த வெயிலா?

"மார்கழியில ஒரு பாட்டு பாடிட்டேம்மா," என்றாள், களவை ஒப்புக்கொள்பவள் போல.

தமயந்தி கையிலிருந்த பலகையைத் தள்ளிப் பார்த்தாள். "அன்னிக்கு ரெண்டு ஏறி உடனே எறங்கிருச்சு. பயந்துட்டீங்க போல. இது வேற. தினமும் காலையில ஆறுலேருந்து ஏழு. தொண்ணூறு வரைக்கும் போகுது, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சரியா எறங்கறதில்ல. அந்த நேரத்துல என்னம்மா பண்றீங்க?"

வேதவல்லியின் பார்வை மாடிப்படிப் பக்கம் போயிற்று. கட்டிலிலிருந்து சாரங்கபாணி இருமிக்கொண்டே சொன்னார்: "படிக்கட்டுலேருந்து திரும்பி வரப்போ நீ கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரிதான் இருப்ப. சொன்னா வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்."

மறுநாள் அவள் படிக்குப் போகவில்லை. இசக்கியம்மாள் இருமுறை கதவைத் தட்டிவிட்டுப் போனாள். எண்ணை ஏற்றியது கடலில்லை என்று தெரிந்துவிட்டதால், செய்ய வேறொன்றும் தோன்றாமல், வேதவல்லி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் சன்னலைத் திறந்து கடலுக்கு எதிரே வாய்மூடி அமர்ந்தாள். அலை வந்தது, போயிற்று. அதைப் பற்றிக் குறை சொல்லக்கூட ஆளில்லை. வாரக் கடைசியில் எண் முப்பத்தொன்று.

செய்தி பரவியது. தமயந்தி தளந்தோறும் ஏறி அதே கணக்கைக் காட்டியிருந்தாள். மாதம் முடிவதற்குள் நானூறு சன்னல்களும் திறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் பேசாமல் கடலை நோக்கியிருந்தது. சாரங்கபாணி நன்றாக மூச்சு விட்டார். அயலூரார் வாழ்க்கைத் தரத்தில் இந்நகருக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

ஒரு மாலை, சுற்றுலாப் படகொன்று மாடத்தின் கீழே வந்து நின்றது. கட்டணம் அதிகம், இருக்கை ஈரம், தேநீர் ஆறிவிட்டது என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கொடுத்து வச்சவங்க. எவ்வளவு நிம்மதியா உக்காந்திருக்காங்க பாரு," என்றது ஒரு குரல்.

பக்கத்துச் சன்னலில் இசக்கியம்மாளின் முகம் தெரிந்தது. அந்தப் படகின் இரைச்சலைப் பற்றி ஒரே ஒரு சொல் சொல்லிவிட வேதவல்லிக்கு நா துடித்தது. கணவரின் சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டே அதை விழுங்கினாள். எண் இன்னும் இரண்டு இறங்கியது.