உடைந்த கண்ணாடியும் ஊர் மாறிய கல்லும்

"ஐயோ...!"

றிச்மண்ட் ஹில் ஊரே அதிரும்படி அலறினாள் தவமணி. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மகன் மிதுனன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். நாளைக்கு அவனுக்குக் கல்யாணம்.

பின்கதவுக் கண்ணாடி... சுக்குநூறு!

கார்ப்பெற்றில் ஒரு கல்.

சாமி அறையில் நகைப்பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. தாலிக்கொடி இல்லை!

"கள்ளன் வந்திட்டான்ரா! கொடி இல்லாமல் நாளைக்கு என்னத்தைக் கட்டப்போறாய்?"

"அம்மா, கோல் த பொலிஸ்!"

"பொலிஸ் வேண்டாம்!" குறுக்கே பாய்ந்தார் அப்பா சண்முகநாதன். "கலியாண வீட்டு வாசல்ல பொலிஸ் கார் நிண்டால் சனம் என்ன கதைக்கும்? ஆரோ எங்கட தோட்டத்துக் கல்லை எடுத்து எறிஞ்சிருக்கிறான்... அவ்வளவுதான்!"

மிதுனன் குனிந்து பார்த்தான். கல்லின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் பச்சையாய் ஏதோ படர்ந்திருந்தது.

இதையெல்லாம் தெரிந்த ஆள் அவனுக்கு ஒருத்திதான். பாறைமேல் பாசிபோலப் படரும் லைக்கன்களைப் பல்கலைக்கழகத்தில் ஆராயும் அட்சயா. மணப்பெண்!

வீடியோ கோல் போட்டான்.

"ஏய்! முகத்தைக் காட்டாதை!" அட்சயா கத்தினாள். "தாலிக்குப் பொன்னுருக்கு முடிஞ்சால் மணவறை வரைக்கும் முகம் பாக்கக்கூடாது. அம்மா கொல்லுவா!"

"முகத்தை ஆர் காட்டினது? இந்தக் கல்லைப் பார்!"

விஷயத்தைச் சொன்னான். அட்சயாவின் குரல் மாறியது.

"கிட்டப் பிடி... சின்னச் சின்னத் துண்டா வெடிச்சிருக்கு. இடையில கறுப்புக் கோடு, கரையும் கறுப்பு. தேசப்படம் கீறின மாதிரி! நகத்தால சுரண்டு."

"வருதில்லை. பெயின்ற் மாதிரி ஒட்டிக் கிடக்கு."

"இப்ப தோட்டத்துக் கல்லைக் காட்டு."

ஓடினான். காட்டினான்.

"செம்மஞ்சள் பொட்டு... உது சுண்ணாம்புக்கல். உள்ள விழுந்த கல்லில இருக்கிறது மாப் லைக்கன், தேசப்பட லைக்கன். கருங்கல்லிலதான் வரும், சுண்ணாம்புக்கல்லை எட்டியும் பாராது. அது உங்கட வீட்டுக் கல்லே இல்லை! இவ்வளவு வடிவா வளந்ததை நான் வடக்கில லேக் சுப்பீரியர் ஏரிப் பக்கம்தான் கண்டிருக்கிறன்."

தவமணி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா... போன மாசம் நீங்கள் மீன் பிடிக்கப் போன இடமெல்லோ அது? வாகனத்துக்க கல்லொண்டு உருளுதெண்டு நானே சொன்னனே!"

சண்முகநாதன் ஃபிரீசரைக் கை காட்டினார்.

"கள்ளன் பயத்தில கொடியை நான்தான் ஃபிரீசருக்க, முருங்கைக்காய் பாக்கெற்றுக்க ஒளிச்சனான். விடியப் பாத்தால்... பாக்கெற்றைக் காணேல்லை! உனக்குச் சொல்லப் பயம். அதுதான்..."

"அதுதான் வீட்டை உடைச்சனீங்களோ? அந்த முருங்கைக்காயை நேற்று நான் அட்சயா வீட்டுக்கெல்லோ குடுத்துவிட்டனான்!"

போனுக்குள் ஓர் அலறல்!

"அம்மா...! முருங்கைக்காயைச் சட்டிக்க போடாதேங்கோ!"

தடதடவென்று ஓட்டம். பாத்திரம் ஒன்று உருண்டது. மூன்று பேரும் போனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பிறகு... சிரிப்புச் சத்தம்!

திரையில் பனி ஒட்டியபடி பளபளத்தது தாலிக்கொடி.

தவமணி அழுதே விட்டாள். சந்தோஷத்தில்தான்.

"மாமா!" என்றாள் அட்சயா. "அடுத்தமுறை வீடு உடைக்கிறதெண்டால்... உள்ளூர்க் கல்லாப் பாத்து எடுங்கோ!"