ஒருவர் போகும் நடை

அன்று காலையும் கார்முகில்தான் சுவரோடு ஒட்டி நின்று மனைவிக்கு வழிவிட்டான். "போங்க மேடம், ஒன்வே." தோளில் ஷிஃப்ட் பை, கையில் ஷூ. மதிவதனி அவன் வயிற்றில் முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒரகடம் ரோட்டில் லாரி அவனை அடித்தபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வடக்குப்பட்டில், கம்பெனி ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று அது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓனர் பாத்ரூமைச் செருகியதில் மிஞ்சியது அந்த நடை. ஜன்னல் கிடையாது. ஈரச் சிமெண்டும் பினாயிலும் மணக்கும் அந்தப் பகல் இருட்டில், பக்கத்து வீட்டு மிக்ஸியின் அதிர்வு சுவர் வழியே தோளில் ஏறும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கியே ஆகவேண்டும்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த மறுநாள், குடத்தோடு பாதி நடை போனவள், தன் முதுகு சுவரில் ஒட்டியிருப்பதைக் கவனித்தாள். யாருக்கோ வழிவிட்டு நின்றிருந்தாள். நைட்டியின் ஓரம் லேசாக அசைந்து அடங்கியது. பயமாக இல்லை. எதுவுமாகவே இல்லை. பிறகு தினமும் அப்படித்தான் நின்றாள்.

அவளை அழைத்துப்போகப் படப்பையிலிருந்து தம்பி சிவசங்கர் வந்தான். "இன்னாக்கா, வூடா இது? கூட்டமான பஸ்ஸுல பூந்து போற மாதிரி கீது" என்று பேசிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனவன், நடையின் நடுவில் பேச்சை நிறுத்தினான். சுவரோடு ஒட்டி நின்றான். பிறகு போனான். தான் நின்றதே அவனுக்குத் தெரியவில்லை.

"நான் வரல சங்கர். அவரு இங்கதான் கீறாரு."

"லூசு மாதிரி பேசாதக்கா. துணிய எடுத்துகினு வா, ஆட்டோ நிக்குது." அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் நடைக்குள் போனாள். வழக்கமான இடம். முதுகு தானாகவே சுவரைத் தேடியது.

"இன்னாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

அவன் சட்டையின் ஆயில் வாசனைகூட வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நடையில் கார்முகில் ஒருநாளும் அவளை ஒதுங்க வைத்ததில்லை. எப்போதும் அவன்தான் ஒதுங்குவான்.

இது ஒதுங்கியதே இல்லை.

நெஞ்சில் ஏதோ உரசியது. மெதுவாக. அகலமாக. சுவர் முதுகில் அழுந்தியது. மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட இடம் இல்லை.

"அக்கா! வர்றியா இல்லியா?"

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாசலில் ஆட்டோ உறுமியது.

நடையில் அது இன்னும் அவளைக் கடந்து முடியவில்லை.