உள்ளே ஆள் இருக்கு

அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். தம்பி எழுதி முடிக்காமல் விட்டுப்போன ஒரு மின்னஞ்சல், ட்ராஃப்ட்ஸ் ஃபோல்டரில் தனியாகக் கிடந்தது. சற்று முன் பார்த்தபோது அது இரண்டு வரிக்குமேல் இருக்காது என்று அளவே சொன்னது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது இரண்டு மடங்காக இருந்தது. தம்பி செத்து நான்கு மாதம் ஆகிறது. செத்தவன் விட்டுப்போன கடிதத்துக்கு வளர்வதற்கு என்ன வந்தது?

சர்வர்களைப் பராமரிப்பதுதான் அவள் பிழைப்பு என்பதால் அவள் உடனே பயந்துவிடவில்லை. தம்பியின் மின்னஞ்சல் கணக்கை அவள் தன் லினக்ஸ் கணினியில் ஒரு ஃபோல்டராக மவுண்ட் செய்திருந்தாள். அப்படிச் செய்துவிட்டால் எங்கோ கிடக்கிற அஞ்சல் பெட்டி நம் கணினியிலேயே இன்னொரு அறைபோலத் திறந்துகொள்ளும். உள்ளே போகலாம், வேண்டிய கடிதங்களைக் கோப்புகளாக அள்ளிக்கொண்டு வெளியே வரலாம். வேலை முடிந்ததும் அந்த இணைப்பைப் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கணக்கை இந்த மாதத்தோடு மூடப்போவதாக அஞ்சல் நிறுவனம் அறிவித்துவிட்டது. அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று தம்பியின் அறையிலேயே கணினியைக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றையும் என்பது ஊருக்குச் சொல்வது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தம்பிக்குத் திடீரென்று ஏதாவது மெட்டுத் தோன்றினால் போனில் முணுமுணுத்துத் தனக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்வான். கடைசி ஒலிப்பதிவு அவன் செத்த அன்று, இதே அறையிலிருந்து போயிருந்தது. அன்று அவனும் அவள் கணவனும் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் தம்பி கொட்டுகிற மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். உடலாகத்தான் திரும்பி வந்தான். என்ன சண்டை என்று அவள் கேட்கும்போதெல்லாம் கணவன் "ஒண்ணுமில்ல" என்பான். ஒன்றுமில்லாததற்கு யாராவது அப்படிக் கத்துவார்களா? அந்தச் சத்தம் ஒலிப்பதிவில் இருக்கும் என்று அவள் நம்பினாள். மற்றக் கோப்புகளெல்லாம் சமர்த்தாக நகலாகிவிட்டன. அது மட்டும் பாதியில் நின்றுநின்று போயிற்று.

வெளியே மதியமே இருட்டிக்கொண்டு மழை அடித்தது. பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க வாடையோடு, காயாத துணியின் வாடையும் சேர்ந்து வந்தது. எங்கிருந்தோ மரத்தைத் தட்டுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்து வந்து நின்றது.

கணவன் கதவருகில் வந்து நின்றான். "அந்தத் தட்டுற சத்தம் உனக்கும் கேக்குதா? ஒரு வாரமாவே இந்த ரூம்லேர்ந்துதான் வருது. எலியா இருக்கும்."

"தம்பி கணக்குக்குள்ள நீங்க போனீங்களா?"

"நான் எதுக்குப் போறேன்? என் கணக்கைத் திறக்கவே எனக்கு உன் தயவு வேணும்." சிரித்தான். பிறகு, அவள் கேட்காமலேயே, "நான் ஒண்ணும் அழிக்கலம்மா" என்றான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அழித்ததாக யார் சொன்னார்கள்? அவள் திரையைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் போய்விட்டான். மடியில் கனமில்லாதவன் அப்படிப் போவானா என்று நினைத்தாள்.

கோப்பு இன்னும் வளர்ந்திருந்தது. திறந்து பார்த்தாள். தமிழில் எழுதிய மின்னஞ்சல் கோப்பாகக் கிடக்கும்போது தமிழாகத் தெரியாது, ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். அதை மாற்றி வாசிக்க ஒரே ஒரு கட்டளை போதும். அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு நகலை மட்டும் எடுத்து வைத்தாள். முதலில் திருடனைப் பிடிக்க வேண்டும்.

கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். எந்தெந்தக் கணினிகள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவளுடையது. ஆகவே எழுதுகிறவன் வெளியூரில் இல்லை, இந்தக் கணினி வழியாகத்தான் வருகிறான். இதன் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் ஹாலில் இருந்தான், மடியில் லேப்டாப்போடு.

பூனைபோல நடந்துபோய் எட்டிப் பார்த்தாள். கணவன் சோபாவில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். லேப்டாப் மூடியிருந்தது. திரும்பி வந்து பார்த்தாள், கோப்பு அதற்குள் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசி ஒலிப்பதிவை அவன் அழிப்பதற்குள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, புதிய பாஸ்வேர்டோடு தான் மட்டும் உள்ளே போக வேண்டும்.

பிரிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். கணினி மறுத்துவிட்டது. அந்த ஃபோல்டர் புழக்கத்தில் இருக்கிறதாம்.

அவள் அலுவலகத்தில் இந்தப் பிழை வந்தால் 'உள்ளே ஆள் இருக்கு' என்று கழிப்பறைக் கதவுக்குச் சொல்வதுபோலச் சொல்லிச் சிரிப்பார்கள். யாரோ அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறார்கள், அவர்கள் வெளியே வரும்வரை அதைப் பிரிக்க முடியாது என்று அர்த்தம். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட வேலை செய்யும் மொட்டைக்குப் போன் போட்டாள்.

"முதல்ல நீ எங்க நிக்கிறேன்னு பாரு," என்றான் மொட்டை. "நூத்துக்குத் தொண்ணூறு தடவை நம்மளேதான் உள்ள நின்னுக்கிட்டு ஊரெல்லாம் தேடுவோம்."

"பாத்துட்டேன்டா. திரையில நான் திறந்து வச்சிருந்த ஜன்னல் எல்லாத்தையும் மூடிட்டேன்."

"அப்ப உள்ள நிக்கிறது யாருன்னு கேளு. அதுவே பேரைச் சொல்லும்."

கேட்டாள். கணினி ஒரே வரியில் பதில் சொன்னது. உள்ளே இருப்பது ஒருவர். அந்த வரியில் இருந்தது அவளுடைய பெயர்.

"என் பேர்ல உள்ள புகுந்திருக்காருடா," என்றாள்.

"யாரு? ஏய், இரு. அவசரப்பட்டு வெட்டாதே. இன்னொரு தடவை நல்லாப் பாரு..."

போனை வைத்துவிட்டாள். தட்டும் சத்தம் இப்போது வேகமாக, விடாமல் கேட்டது. சுவரிலிருந்தா, அலமாரியிலிருந்தா, தெரியவில்லை. ஈர வாடை மூக்கை அடைத்தது. கோப்பு வளர்ந்தது. மறுபடி பார்த்தாள். வளர்ந்தது.

கட்டாயமாகப் பிரிக்கவும் ஒரு வழி உண்டு. உள்ளே ஆள் இருந்தாலும் அது கவலைப்படாது, பாதையை வெட்டிவிடும். உள்ளே நிற்பவர் உள்ளேயே நிற்பார், வெளியே வரத்தான் வழியிருக்காது.

நிற்கட்டும் என்று நினைத்தாள். கட்டளையைக் கொடுத்தாள்.

தட்டும் சத்தம் நின்றது.

மழைச் சத்தமும் நின்றது.

ஜன்னலைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

நகல் எடுத்து வைத்த கோப்பின் நினைவு அப்போதுதான் வந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், அந்தச் சின்னக் கட்டளையை அடிக்க அவள் விரல்கள் மூன்று தடவை தவறின. நான்காம் தடவை குப்பை எழுத்துகள் தமிழாயின. ஒரே வரி. ஒன்றன்கீழ் ஒன்றாக, திரும்பத் திரும்ப அதே வரி.

அக்கா பிரிக்காதே. நீ உள்ளே இருக்கே. வெளியே போயிட்டு அப்புறம் பிரி.

எழுந்து ஓடினாள். கதவின் கைப்பிடி திரும்பவில்லை. இரண்டு கையாலும் தட்டினாள். "என்னங்க! கதவைத் திறங்க!" அவள் குரல் அவள் காதுக்கே பஞ்சு அடைத்ததுபோலக் கேட்டது.

அந்தப் பக்கம் காலடி. கணவன் கதவைத் திறந்தான். அவ்வளவு சுலபமாகத் திறந்தது. வாசலை மறித்துக்கொண்டு நின்று நாற்காலியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தான்.

"என்னங்க, இங்கதான் இருக்கேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "எங்க போனா இந்த மழையில?" என்று முணுமுணுத்தான். கண் கலங்கியிருந்தது. காலி நாற்காலியைப் பார்த்து, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, மெதுவாகச் சொன்னான். "மழையில வண்டி எடுக்காதேடான்னுதான் அன்னைக்கு உன் தம்பிகிட்டேர்ந்து சாவியப் புடுங்கினேன். கடைசியில நானே தூக்கி எறிஞ்சேன், போய்த் தொலைன்னு. அதை எப்படி உன்கிட்ட சொல்றது?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவன் விளக்கை அணைத்தான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

தட்டினாள். கத்தினாள். தட்டினாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"மாமாவுக்கு எலிச் சத்தமாத்தான் கேக்கும்க்கா," என்றது தம்பியின் குரல். "நானும் எவ்வளவோ தட்டிப் பாத்துட்டேன்."

திரும்பினாள். திரையின் வெளிச்சத்தில் அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உட்காரச் சற்றுத் தள்ளி இடம் விட்டான். மடியில் விரித்து வைத்திருந்த கைகளில் விரல்கள் முதல் கணுவோடு நின்றுபோயிருந்தன, மீதி தட்டித் தட்டியே தேய்ந்துவிட்டிருந்தது.