அரைப்புள்ளி வைத்த பெயர்

"மூண்டு சாட்சி சேந்து நான் பொய் சொல்லுறன் எண்டு சொல்லுது மிஸ். மூண்டும் மனிசர் இல்லை. மென்பொருள்."

நல்லூரில், ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது பெர்னடெட்டின் அலுவலகம். அங்கே வந்த பெண்மணி கதிரையின் நுனியில் இருந்துகொண்டு இப்படித்தான் தொடங்கினார். பெயர் குணலட்சுமி. வயது ஐம்பத்தைந்து. சாந்தோதயம் என்ற தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக நோயாளர் பதிவுகளைத் தட்டச்சுச் செய்கிறவர். மடியில் ஒரு குடை வைத்திருந்தார். பிடித்துப் பிடித்து அதன் கைப்பிடி தேய்ந்துபோயிருந்தது. ஆனால் கடையில் போட்டுக் கொடுத்த பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை.

பெர்னடெட் அந்தக் குடையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். காப்புறுதி நிறுவனமொன்றில் பதினாறு வருடம் இழப்புகளை விசாரித்துவிட்டு, அங்கிருந்து விலகித் தனியாக இந்தத் தொழிலை நடத்துகிறவர் அவர். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். அவசரமெல்லாம் உதவியாளர் சுரேசுக்குத்தான். கொரியர் சேவையில் ஓடித்திரிந்த ஆள். குறிப்புப் புத்தகத்தைத் திறந்த கையோடு குற்றவாளியின் பெயரை எழுத இடம் விட்டு வைப்பான்.

"என்ன துலைஞ்சது அக்கா?" என்று கேட்டார் பெர்னடெட்.

"என்ரை பிள்ளை எனக்கு எழுதின கடிதங்கள்."

மகளின் பெயர் வினோஜா. இரத்தப் புற்றுநோய். இருபத்துமூன்று வயது. வைத்தியத்துக்கு வந்த நாள்களில் கட்டிலில் கிடக்கப் பிடிக்காமல் தாயின் பதிவறையில் வந்து இருப்பாளாம். தாய் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அந்தக் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாளாம். கேட்டால் விளையாடுகிறேன் என்று சொல்வாளாம். அவள் போன பிறகுதான் தாய் அந்தக் கோப்புறையைக் கண்டார்.

"அம்மா எண்டு பெயர் போட்டிருந்தவள். உள்ளுக்கு முப்பத்தொரு கடிதம், ஒண்டு, இரண்டு எண்டு இலக்கம் போட்டு. நான் மாதத்துக்கு ஒண்டுதான் வாசிப்பன், அவள் போன பதினாலாம் திகதியிலை. ஒரு வருசமாகி ஆட்டைத் திவசமும் போன மாதம் முடிஞ்சுது. பன்னிரண்டு வாசிச்சிட்டன். நேற்று பதின்மூண்டைத் திறக்கப் போனால் கோப்புறையே இல்லை."

"ஏன் அக்கா, எல்லாத்தையும் ஒரேயடியா வாசிக்கேல்லையோ?" என்றான் சுரேஸ்.

"வாசிச்சு முடிச்சால் பிறகு அவளிட்டையிருந்து எனக்கு ஒண்டும் வராது தம்பி."

சுரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். அன்று முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தான்.

மிச்சக் கதையையும் குணலட்சுமி சொன்னார். மருத்துவமனையில் யார் எதைத் தட்டினாலும் அது நடுவிலுள்ள சேர்வர் என்ற பெரிய கணினியில்தான் சேரும். அந்தச் சேர்வருக்கு நல்லதொரு காப்புப்பிரதி மென்பொருள் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. கணினிப் பொறுப்பாளர் றூபன் மூன்று மென்பொருள்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தான். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் திகதிகளில் ஒவ்வொன்றாலும் முழுச் சேர்வரையும் பிரதியெடுத்தான். பத்தாம் திகதி சேர்வரை வெறுமையாக்கி, மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டுப் பார்த்தான். மூன்றிலும் அந்தக் கோப்புறை இல்லை.

"அப்பிடி ஒண்டு இருக்கேல்லை எண்டு அந்தத் தம்பி சொல்லுது. மூண்டு மென்பொருளும் ஒரே மாதிரிப் பிழை விடாதாம். நான் கவலையிலை எதையோ நினைச்சுக் கதைக்கிறன் எண்டு எல்லாரும் நினைக்கினம். எனக்கே சந்தேகம் வந்திட்டுது மிஸ். அவள் எழுதினவளோ, நான்தான் நினைச்சனோ எண்டு."

"கடைசியா எப்ப கண்டனியள்?"

"ஆறாம் திகதி பின்னேரம். திறக்கமாட்டன். வேலை முடிஞ்சு போகேக்கை பெயரை மட்டும் பாத்திட்டுப் போவன். ஏழிலையிருந்து சேர்வர் வேலை எண்டு நேற்றுவரைக்கும் எங்களைக் கணினியிலை தொடவிடேல்லை."

மோட்டார்சைக்கிளில் போகும்போதே சுரேஸ் வழக்கை முடித்துவிட்டான். "நிர்வாக முகாமையாளர்தான் மிஸ். கேதீஸ்வரன். வேலையாக்கள் சொந்தக் கோப்பு வைச்சிருக்கக்கூடாது எண்டு போன மாதம் கடிதம் அடிச்சு ஒட்டினவராம்."

"அவர் ஐந்தாம் திகதியிலையிருந்து பன்னிரண்டு வரைக்கும் கொழும்பிலை நிண்டவர் எண்டும் அக்கா சொன்னவ. நீர் அதை எழுதேல்லை."

சுரேஸ் வண்டியைச் சற்று மெதுவாக்கினான்.

மருத்துவமனையில் றூபன் அவர்களை மரியாதையோடு வரவேற்றான். வயது இருபத்தாறுக்கு மேல் இராது. எதையும் ஒளிக்கிற முகமாகத் தெரியவில்லை. அவர்களுக்கு முன்னாலேயே சேர்வரில் "அம்மா" என்று தட்டித் தேடிக் காட்டினான். ஒன்றும் வரவில்லை. மூன்று காப்புப்பிரதிகளிலும் தேடினான். அவற்றிலும் வரவில்லை.

"நாலு தரம் தேடிட்டன் மிஸ். குணா அன்ரிக்குப் பொய் சொல்லி எனக்கென்ன கிடைக்கப்போகுது?"

அவன் தயாரித்த ஒப்பீட்டு அறிக்கையைப் பெர்னடெட் வாங்கி வாசித்தார். பக்கச்சார்பு வந்துவிடக்கூடாது என்று மென்பொருள்களின் பெயரைக்கூட மறைத்து அ, ஆ, இ என்று போட்டிருந்தான். முழுவதையும் மீட்க அ இரண்டு மணித்தியாலம் எடுத்தது, ஆ ஐம்பது நிமிடம், இ மூன்று மணித்தியாலம். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கும், பிழை வந்தால் யார் தொலைபேசி எடுப்பார்கள் என்பதெல்லாம் நிரல் நிரலாக இருந்தது. மீண்டு வந்த கோப்புகளின் எண்ணிக்கை மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்: நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஆறு.

கடைசிப் பக்கத்தில், ஆறாம் திகதியிட்டு, "சேர்க்கப்படாதவை" என்று ஒரு பட்டியல் இருந்தது. அச்சுப்பொறியின் எச்சங்கள், தற்காலிகக் கோப்புகள், அதன்கீழ் "வைரஸ் சந்தேகப் பெயர்" என்று ஒரேயொரு வரி: mk;kh. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. "நான்காம் திகதி ஆ மென்பொருளின் முதல் ஓட்டம் மின்வெட்டினால் அறுபத்திரண்டு வீதத்தில் நின்றது. ஒப்பீட்டில் சேர்க்கவில்லை."

"இது என்ன தம்பி, எம் கே அரைப்புள்ளி கே எச்?"

"வைரஸ் பூந்தால் பெயரெல்லாத்தையும் இப்பிடித்தான் குழப்பிவிடும் மிஸ். போன வருசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு நிறுவனம் இப்பிடியே முழுக்க இழந்தது. இங்கை மற்ற எல்லாக் கோப்புக்கும் நோயாளரின்ரை முதலெழுத்தும் இலக்கமும்தான் பெயர். இது ஒண்டுதான் அர்த்தமில்லாமல் கிடந்தது. திறந்தால் பரவும் எண்ட பயத்திலை திறக்கேல்லை."

பெர்னடெட் அறிக்கையோடு பதிவறைக்குப் போனார். குணலட்சுமியின் மேசையில் பழைய விசைப்பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு விசையிலும் சின்னத் தாள்துண்டு ஒட்டி, பச்சை மையால் தமிழ் எழுத்து எழுதியிருந்தது. எம் விசையில் அ. கே விசையில் ம.

"இது பிள்ளைக்காக நான் ஒட்டினது" என்றார் குணலட்சுமி. "எனக்குத் தேவையில்லை, கை தானாப் போகும். அவள் போனிலை தமிழ் அடிச்சுப் பழகினவள். பாமினி எழுத்துருவின்ரை விசை ஒழுங்கு அவளுக்குத் தெரியாது."

பெர்னடெட் அந்த விசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுரேசிடம், "முகாமையாளரையும் றூபனையும் இங்கை வரச்சொல்லும்" என்றார்.

கேதீஸ்வரன் வாசலில் நின்றார். உள்ளே வர அவருக்கு மனமில்லை. "ஒரு தாயின்ரை கவலை எனக்கு விளங்குது மிஸ். ஆனால் மூண்டு மென்பொருளும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாதது. மூண்டும் ஒரே பொய்யைச் சொல்லுமோ?"

"சொல்லாது சேர். நான் காப்புறுதியிலை இருந்தனான். சம்பந்தமில்லாத மூண்டு சாட்சி எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரிச் சொன்னால், சாட்சியளைப் பாக்கமாட்டன். அவைக்குச் சொல்லிக்குடுத்த ஆளைத்தான் தேடுவன்." அவர் றூபன் பக்கம் திரும்பினார். "தம்பி, எதுகளைப் பிரதியெடுக்கவேண்டாம் எண்டு மூண்டுக்கும் தனித்தனியா ஒதுக்கல் பட்டியல் குடுத்தனீங்களோ?"

"இல்லை மிஸ். ஒரே பட்டியல். இல்லாட்டில் ஒப்பீடு நியாயமா இராது."

"ஓம். நீங்கள் நியாயமாத்தான் செய்தனீங்கள். இப்ப இந்த மேசையிலை இருங்கோ. அந்த வைரஸ் பெயரை இந்த விசையளிலை தட்டுங்கோ. திரையைப் பாக்கவேண்டாம். விசையிலை ஒட்டியிருக்கிறதைப் பாத்து வாசிச்சு வாசிச்சுத் தட்டுங்கோ."

றூபன் விரலை வைத்தான். "எம். இதிலை அ. கே, ம." அரைப்புள்ளி விசையைத் தேடினான். "இது குற்று, மேலை வைக்கிற புள்ளி. திரும்பக் கே, ம. எச் விசையிலை துணைக்கால்."

அவன் வாய்க்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தான். பிறகு விரலை விசையிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டான்.

சுரேசுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா" என்றான்.

"அக்கா சொன்னது உண்மை. தம்பி சொன்னதும் உண்மை" என்றார் பெர்னடெட். "பிள்ளை இந்த விசைப்பலகையிலை பெயரை அடிச்சது. பாமினியிலை அடிச்சால் கணினிக்குத் தெரியிறது இங்கிலிஸ் எழுத்துத்தான், எழுத்துரு போட்டால்தான் அது தமிழாத் தெரியும். கோப்புறைப் பெயருக்கு எழுத்துரு போடேலாது. இருபத்தாறு வருசம் தட்டின அக்காவின்ரை கண்ணுக்கு அது அம்மா. அதைவிட வேறை மாதிரி அவவுக்குத் தெரியாது, அதாலை அம்மா எண்டே சொன்னவ. தம்பி அம்மா எண்டு தேடினார். இல்லாத பெயரைத் தேடினால் ஒண்டும் வராது."

குணலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "அப்ப அவள் எழுதினவள்தானே" என்றார். அதையே இரண்டுமுறை சொன்னார்.

"அன்ரி, நான்..." என்று தொடங்கினான் றூபன். "சேர்வரை வெறுமையாக்கி மூண்டு தரம் மேலாலை எழுதியாச்சு. இனி அதுக்குள்ளையிருந்து ஒண்டும் எடுக்கேலாது. நான்தான் அழிச்சனான்."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் பெர்னடெட். "பட்டியல் ஆறாம் திகதி போட்டது. ஆனால் ஆ மென்பொருளை நாலாம் திகதியே ஒருக்கா ஓட்டிப் பாத்திருக்கிறீங்கள். அப்ப பட்டியல் இல்லை. அந்தப் பாதிப்பிரதி எங்கை?"

றூபன் எழுந்து ஓடினான். அவனுடைய மேசை லாச்சியில், வயர்களுக்கு அடியில், அந்தச் சிறிய வன்தட்டு கிடந்தது. உதவாது என்று ஒதுக்கியதை அழிக்கவும் மறந்துபோயிருந்தான். அதைத் தன் மடிக்கணினியில் கொழுவிக்கொண்டு பதிவறைக்குக் கொண்டுவந்தான். அந்த மென்பொருள் பெயரின் அகரவரிசையில் பிரதியெடுத்துக்கொண்டு போயிருந்தது. கடைசியாக எடுத்த கோப்புறை mk;kh. திரையைப் பார்த்து அவன் எண்ணினான். மற்றவர்கள் அவனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பதின்மூண்டு இருக்கு அன்ரி. பதினாலிலை கறண்ட் நிண்டிட்டுது."

பன்னிரண்டை அவர் ஏற்கெனவே வாசித்தவர். புதிதாக வந்தது ஒன்று. மிச்சம் பதினெட்டு இனி எவராலும் வாசிக்க முடியாதவை.

றூபன் பதின்மூன்றாவதைத் திறந்தான். திரை நிறைய இங்கிலிஸ் எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தது. "இதிலை பாமினி இல்லை அன்ரி. ஒரு நிமிசம், போட்டுத்தாறன்."

"வேண்டாம் தம்பி. எனக்கு இதே காணும், இப்பிடியே வாசிப்பன்."

குணலட்சுமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மடிக்கணினிக்குக் கிட்டப் போனார். மற்ற நாலு பேருக்கும் வெறும் கிறுக்கலாகத் தெரிந்ததை அவர் தடக்குப்படாமல் வாசிக்கத் தொடங்கினார். பிள்ளை கதைக்கிற மாதிரியே வாசித்தார்.

"அம்மா, இது பதின்மூண்டு. உங்களை எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒண்டு, கிழமைக்கு ஒண்டு எண்டு கணக்கு வைச்சுத்தான் வாசிப்பியள். குடை உறை கழட்டாத ஆள் நீங்கள். அலுமாரிக்குள்ளை மூண்டு சீலை நான் பிறக்கிறதுக்கு முந்தியே மடிச்சபடி கிடக்குது. இதுகளையும் அப்பிடி மடிச்சு வைக்காதேங்கோ. இன்னும் எத்தினை எழுதுவனோ தெரியேல்லை. எத்தினை கிடக்குதோ அத்தினையையும் இண்டைக்கே இருந்து வாசியுங்கோ. வாசிச்சு அழுது முடிச்சிட்டு, வீட்டை போய் வடிவாச் சாப்பிடுங்கோ. நாளைக்கெண்டு ஒண்டையும் மிச்சம் விடாதேங்கோ அம்மா."

அவ்வளவுதான் இருந்தது. கேதீஸ்வரன் எப்போது உள்ளே வந்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். றூபன் தரையில் குந்தியிருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். குணலட்சுமி அவனுடைய தலையில் கைவைத்தார்.

"நீ வேணுமெண்டு செய்யேல்லை அப்பன். அவள் சொன்னதை நான் எப்பதான் கேட்டனான்."

அறிக்கையில் என்ன எழுதுவது என்று றூபன் பிறகு பெர்னடெட்டிடம் கேட்டான். மூன்று மென்பொருளும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தன என்று எழுதச் சொன்னார் அவர். ஒதுக்கல் பட்டியலை அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். சுரேஸ் குறிப்புப் புத்தகத்தில் குற்றவாளிக்கென்று விட்ட இடத்தைப் பார்த்தான். அதில் எழுத அவனுக்கு ஒரு பெயரும் இருக்கவில்லை.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. கேற்றடியில் குணலட்சுமி நின்று, குடையின் பொலித்தீன் உறையை மெல்ல உரித்தார். பழசாகிப் போனதால் அது இரண்டு இடத்தில் கிழிந்தது. குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்தார். பிறகு, கிழிந்த உறையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.