விரல் பட்டால் ஏறும் எண்

மீட்டரில் எண் இறங்கியது. ஏறியிருக்க வேண்டும்.

ஜெரால்டின் சாமணத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கிள்ளானில் அவர்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்துதான் அவள் கிட்டார் பெடல் செய்வாள். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தைக் கரகரக்க வைக்கும் அந்தப் பெட்டிகளுக்குப் பழைய காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான் உயிர். அதற்கோ சூடு என்றால் ஆகவே ஆகாது. லேசாகச் சூடு பட்டாலும் உள்ளே மின்சாரம் கசியும், மீட்டரில் எண் ஏறும். காற்று பட்டாலும் எண் நிலையாக நிற்காமல் ஆடும். அதனால் காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டு, மதிய வெயிலில், ஈயப் புகையும் வியர்வையும் கலந்த வாடையில் வெந்துகொண்டே, ஒவ்வொன்றையும் சாமணத்தால் எடுத்து அளந்து பொறுக்குவாள். யாராவது விரல் வைத்துத் தொலைத்தால் போச்சு, அது ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று வயது டேரன் தன் பிஞ்சு விரலால் தொட்டு எண் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பான், அடியும் வாங்குவான்.

இன்று தொட்டது அவள் புருஷன் கேவின். காப்பியை மேசையில் வைத்துவிட்டு, "இதுவா அந்தப் பழைய சாமான்?" என்று இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எண் சரசரவென்று இறங்கியது. அவன் போன பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது.

மீட்டரில் பேட்டரி போயிருக்கும் என்று புதுசு மாற்றினாள். தன் விரலை வைத்தாள். ஏறியது. கறிவேப்பிலை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சந்திரகலா ஆன்டியையும் விடவில்லை.

"ஆன்டி, இதைக் கொஞ்சம் பிடிங்க."

"ஐயோ, ஷாக் அடிக்குமா லா?"

"அடிக்காது, பிடிங்க."

அதற்கும் ஏறியது. ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டேரன் கழுத்துல வேர்க்குருவே காணோமே! இந்த வெயில்ல என் பேரனுக்கு முதுகெல்லாம் சிவந்து கிடக்கு. நீ என்ன பவுடர் போடுற?"

எந்தப் பவுடரும் போடவில்லை. ஜெரால்டின் சிரித்து மழுப்பினாள். ஆன்டி போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

போன வாரம் ஜெஞ்சாரோம் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரம், கேவின் ஓட்டிய லோரி கால்வாயில் கவிழ்ந்து முழுக்க முங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவன் நடந்தே வீடு வந்து சேர்ந்தான், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். அவள் அழுது தீர்த்து, மாதா கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பி வந்த மனுஷனைச் சந்தேகப்படுவாளா யாராவது? ஆனாலும் கொடியில் காயும் அவன் சட்டைகளில் வியர்வை நாற்றமே இல்லை. எத்தனை தடவை துவைத்தாலும், தேங்கின தண்ணீரின் சேற்று வாடை மட்டும் லேசாக அடிக்கிறது. நாள் முழுக்க ஹாலில் படுத்திருக்கிறான். டேரன் அவன் நெஞ்சைவிட்டு இறங்குவதே இல்லை. "அப்பா ஜில்லுன்னு இருக்காரு மா" என்று அன்றைக்குச் சொன்னதை, பிள்ளை கொஞ்சுகிறது என்று நினைத்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட மடச்சி!

பூச்சோங்கில் இருக்கும் தன் அண்ணன் ஜெயராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வண்டி எடுத்துக்கிட்டு வரீங்களா? நானும் டேரனும் உங்க வீட்டுக்கு வரோம்."

"இப்பவா? கேவினோட சண்டையா?"

"சும்மா வாங்கண்ணே. பிள்ளைய இங்க வச்சிருக்க முடியாது."

போனை வைத்தபோது ஹாலில் டிவி சத்தம் நின்றுபோயிருந்தது. கூரைத் தகரம் வெயிலில் டிக், டிக் என்று விரிந்துகொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"டேரன், அம்மாகிட்ட வா கண்ணு."

வெறுங்காலின் சின்னச் சத்தம். பின்னாலேயே இன்னொரு காலடி, ஈரத்தரையில் நடப்பது போல. டேரன் உள்ளே வந்தான். கேவின் வாசலிலேயே நின்றுகொண்டான், நிலையில் சாய்ந்து, வழியை அடைத்தபடி.

"யாருக்குப் போன் போட்ட?"

"அண்ணனுக்கு. சும்மா."

"வரட்டுமே," என்றான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

டேரன் எப்போதும் போல ஸ்டூலில் ஏறி, எப்போதும் போல டிரான்சிஸ்டரை நோக்கிக் கையை நீட்டினான். அவள் எப்போதும் அந்தக் கையைத் தட்டிவிடுவாள்.

இன்று தட்டவில்லை.

தொடுடா கண்ணா. ஏறணும். மாதாவே, ஏறணும்.

பிஞ்சு விரல் பட்டது. எண் நின்றது.

இறங்கியது.

டேரன் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட வேண்டும். வாசலில் அவன். ஓடுவதென்றாலும் பிள்ளையை விட்டுவிட்டா? பெற்ற பிள்ளையை? அள்ளி எடுத்தாள். மார்போடு சேர்த்து இறுக்கினாள். அவன் கன்னம் அவள் கழுத்தில் படிந்தது.

ஜில்லென்று இருந்தது.

காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த உடம்பு. கழுத்து வழியாக, தோள் வழியாக, அந்தக் குளிர்ச்சி இறங்கியது. ஐயோ, எவ்வளவு சுகம். அவள் கண்கள் தாமாகச் செருகின. டேரன் அவள் காதில் மெதுவாகச் சொன்னான்.

"நீயும் தொடு மா."

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை நீண்டது. விரல் வைத்தாள்.

எண் ஏறியது. ஏறியது. ஆண்டவரே, ஏறுகிறது.

எவ்வளவு நேரம் போனதோ, வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். ஜெயராஜ் அண்ணன் ஹார்ன் அடித்தார். மூவரில் ஒருவரும் திரும்பவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நெற்றி வியர்வை காய்ந்துபோயிருந்தது.

எண் நின்றது.

பிறகு, மெல்ல, இறங்கத் தொடங்கியது.